லேசில் சாகாத மீன்

எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி யாரும் ஒரு சொல் குறையாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. சண்டிலிப்பாயில் எங்கள் தோட்டத்துக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. என் தகப்பன் வெட்டுவித்தது. அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டால் அதன் நிறமே வேறு. பருப்பு ஒரு கொதியில் அவியும். கலியாணவீடு, செத்தவீடு என்றால் அயலட்டைச் சனம் குடத்தோடு எங்கள் படலையில்தான் வந்து நிற்கும். உவர்த் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் விளங்காது. என் மருமகன் ஜெயசுதன் யாழ்ப்பாணக் கடலோரத்துக் கொழும்புத்துறைப் பெடியன், வங்கியில் வேலை. அவர்கள் வீட்டுக் கிணற்றில் வாய் கொப்பளித்தால் கடலில் விழுந்து எழும்பினது போல இருக்கும். குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் கானில் அடைத்து வருகிற வடிகட்டின தண்ணீர்தான் வாங்குகிறார்கள். அப்படிப்பட்டவன் என் கிணற்றடியில் நின்று என் கிணற்றைக் குறை சொன்னான். நான் அவனை வீட்டைவிட்டுக் கலைத்தேன். எல்லாம் அதில் இருந்து வந்ததுதான்.

முறையாகச் சொல்கிறேன். கீர்த்திகா எனக்கு ஒரே மகள். எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வருவது முறை. மற்ற வீடுகளில் ஏழாம் எட்டாம் மாதத்தில் கூட்டிவருவார்கள். நான் அதுவரை பொறுக்கவில்லை. ஐந்தாம் மாதமே போய், அந்த உவருக்குள் பிள்ளை ஏன் கிடந்து இழுபட வேண்டும் என்று சொல்லிக் கூட்டிவந்துவிட்டேன். மருமகன் பின்னாலேயே இரண்டு கான் தண்ணீரைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினான். கர்ப்பிணிக்கு இது நல்லதாம். எனக்கு வந்த கோபத்துக்கு, ஒரு கானை அவன் பார்த்துக்கொண்டிருக்கவே வாழைக்கு ஊற்றினேன். மற்றதைத் திருப்பி அவன் கையில் கொடுத்தேன். நல்ல தண்ணீர் குடிக்கத்தான் பிள்ளை தகப்பன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றேன். அவன் முகம் கறுத்தது. மரியாதை தெரிந்த பெடியன், கானைத் தூக்கிக்கொண்டு போனான்.

பிள்ளை வயிற்றிலேயே செத்தது. நாள் கிட்டின நேரம், அசைவு ஒன்றையும் காணோம் என்று கீர்த்திகா சொல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பெண்குழந்தை. ஏன் செத்தது என்று டொக்டருக்கும் தெரியவில்லை. சில வேளை இப்படி நடக்கும் என்றார். துணியில் சுற்றித் தந்ததை நானும் மருமகனும் கொண்டுபோய் மண்ணுக்குள் தாட்டோம். அப்படிப்பட்ட பச்சைக் குழந்தைக்கு எட்டாம் நாள் எட்டுச் செலவு இல்லை, கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை இல்லை, ஒன்றும் இல்லை. மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வருவதுதான். வந்து கால் கழுவக் கிணற்றடிக்குப் போனபோது ஜெயசுதன் வாளியைப் பிடித்தபடி நின்று சொன்னான்.

"மாமா, தோட்டத்துக்குப் போடுற உரமெல்லாம் இந்தத் தண்ணிக்குள்ளைதான் இறங்குதாம். இதை ஒருக்காச் சோதிச்சுப் பாக்கவேணும்."

நான் அவனுக்குச் சொன்னதை எல்லாம் எழுத முடியாது. கடைசியாகச் சொன்னது இது: "என்ரை கிணத்தைச் சொன்னவன் இனி என்ரை முத்தம் மிதிக்கக் கூடாது." அவன் வாளியை வைத்துவிட்டுக் கால் கழுவாமலே போனான்.

பிள்ளை பெற்ற துடக்கு, தீட்டுக் கழிந்தபின் கணவன் வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அது முறை. பிள்ளை இல்லாமல் கிடக்கிறவளை யார் வந்து, எந்த நாள் பார்த்து, எப்படிக் கூட்டிப்போவது என்று ஒருவருக்கும் தெரியாது. வரவேண்டிய ஒருத்தனையும் நான் கலைத்துவிட்டேன். அவன் தொலைபேசியில் கூப்பிடுவான். அவள் ஓம், இல்லை என்று இரண்டு சொல்லோடு வைத்துவிடுவாள். நாள் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். பால் கட்டிக் காய்ச்சல் வந்தபோதுகூட அழவில்லை. அழுதால் பரவாயில்லை என்று என் மனைவி குணலட்சுமி கோயில் கோயிலாக நேர்ந்தாள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை எழும்ப வேண்டும், எழும்பித் தன் வீட்டுக்குப் போய்ப் புருசனோடு சீவிக்க வேண்டும். ஆனால் அந்தப் பெடியனிடம் போய் 'வா' என்று நான் சொல்லமாட்டேன். அப்படித்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி, கீர்த்திகாவின் கையில் பார்த்து வளர்க்கிறதற்கு ஏதாவது ஒன்றைக் கொடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். பூனைக்குட்டி, கோழிக்குஞ்சு, பூமரம் என்று குணலட்சுமி அடுக்கினாள். பள்ளிக்கூடம் போகிற நாளில் இவள் போத்தலில் மீன் வளர்த்தவள் என்று எனக்கு ஞாபகம் வந்தது. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனேன்.

அங்கே சிமியோன் என்று ஒருவர் கண்ணாடித் தொட்டி மீன் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுசன், ஆனால் கேட்டதைத் தரமாட்டார், கேள்விதான் கேட்பார். நான் கோல்ட் ஃபிஷ்ஷைக் காட்டினேன். தொட்டி எவ்வளவு பெரிது என்றார். சின்னன்தான், மேசையில் வைக்கிறது என்றேன். அப்படியானால் அது வேண்டாம், வளர்ந்து தொட்டியை நாறடிக்கும், குஞ்சும் எடுக்க ஏலாது என்றார். ஃபைட்டர் மீனைக் காட்டினேன். அதில் தகப்பன்தான் நுரையால் கூடு கட்டி முட்டையைக் காப்பானாம். அது எனக்குப் பிடித்தது. ஆனால் முட்டை விட்ட கையோடு தாயை வெளியே எடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கடித்தே கொன்றுவிடுவானாம். அந்த வில்லங்கம் எங்களுக்கு வேண்டாம் என்றேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. லேசில் சாகாத, லேசில் குட்டி போடுகிற மீன் ஏதும் இருந்தால் தாரும், இல்லாவிட்டால் ஆளை விடும் என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு கப்பி மீனைப் பிடித்தார். ஆண் ஒன்று, பெண் மூன்று. இது முட்டை போடாது, உயிரோடு குஞ்சு போடும், மாதத்துக்கு மாதம் போடும் என்றார். பெண் மூன்றும் வயிறு தள்ளி நின்றன. எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும் என்றதும் எனக்குச் சந்தோசம். பார்த்தீரா, தண்ணீர் என்றால் சண்டிலிப்பாய்த் தண்ணீர்தான் என்று அவருக்கும் ஒரு பாட்டம் சொல்லிவிட்டு வந்தேன்.

தொட்டியை மேசையில் வைத்துக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி மீனை விட்டபிறகுதான் குணலட்சுமி குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு விசரே? பிள்ளையைப் பறிகுடுத்திட்டுக் கிடக்கிறவளுக்கு வயித்துப்பிள்ளையோட நிக்கிறதைக் கொண்டந்து காட்டுறியள்."

சத்தியமாக எனக்கு அது மூளையில் ஓடவே இல்லை. நான் தோட்டக்காரன். லேசாகப் பிடிக்கிற பயிரைத்தான் முதலில் நடுவோம். அந்த யோசனையில்தான் வாங்கினேன். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று பையை எடுத்தபோது கீர்த்திகா அறைக்குள்ளிருந்து எழும்பி வந்தாள். தலைமயிர் சிக்குப்பிடித்துப் போயிருந்தது. தொட்டிக்கு முன்னால் குந்தி, இது இரண்டு மூன்று நாளில் போடும் என்றாள். அன்றைக்குக் குணலட்சுமி பின் கோடிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முதல் ஈற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. குஞ்சு வெளியே வர வர, பெரிய மீன்கள் விழுங்கின. பெற்ற மீனும் சேர்ந்து விழுங்கியது. குணலட்சுமி தொட்டிக்குத் துணியைப் போட்டு மூட ஓடினாள். கீர்த்திகா விடவில்லை. குஞ்சுக்கு ஒளிக்க இடம் இல்லை, அதுதான் என்றாள். போனில் பார்த்துப் படித்தாள். பாசி வேண்டும் என்றாள், கொண்டுவந்து கொடுத்தேன். பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, தாயை ஒதுக்கி விடுவதற்குத் தானே ஒரு கூடு செய்தாள். அடுத்த மீன் போட்டபோது குஞ்சு எல்லாம் தப்பியது. கண்ணும் வாலுமாக, கடுகளவு. அவித்த முட்டை மஞ்சட்கருவை விரல் நுனியில் தொட்டுத் தண்ணீரில் உதறுவாள். அவள் தலை வாரிப் பின்னியதும் சோறு கேட்டுச் சாப்பிட்டதும் அந்த நாட்களில்தான்.

பிறகு குஞ்சுகள் சாகத் தொடங்கின. முதலில் அடியில் போய்க் கிடக்கும். பிறகு ஒருபக்கம் சரிந்து சுற்றும். காலையில் வெள்ளையாக மிதக்கும். ஒரு கிழமைக்குள் ஒன்றும் இல்லை. பெரிய மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை, வாலை ஆட்டி ஆட்டி ஓடித்திரிந்தன. கீர்த்திகா செத்ததைக் கரண்டியால் அள்ளி, செவ்வரத்தைப் பூமரத்துக்குக் கீழே கிண்டித் தாட்டாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. எழும்பின பிள்ளையைத் திரும்பவும் படுக்க வைக்கப்போகிறதே இந்தச் சனியன் என்று பயந்தேன்.

சிமியோனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். நோயில் கிடந்த மீனைத் தலையில் கட்டிவிட்டீர் என்றேன். அந்த மனுசன் கோபிக்கவில்லை. தண்ணீர் எங்கேயிருந்து எடுக்கிறீர்கள் என்றார். கிணற்றில் என்றேன். கிணறு எங்கே என்றார். வெங்காயத் தோட்டத்துக்குள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர்க் கதையை விட்டுவிட்டு, இதைவிட லேசான மீன் ஒன்றைத் தாரும் என்றேன். மொலி தந்தார். அது கப்பியைவிடத் திடமானது, குஞ்சும் பெரிது. அதுவும் போட்டது. அதுவும் செத்தது. இன்னொரு தரம் போய்ப் பிளட்டி என்று சிவப்பு நிறத்தில் ஒன்று வாங்கிவந்தேன். உலகத்தில் உள்ள லேசான மீன் எல்லாம் எங்கள் வீட்டு மேசைக்கு வந்தது. எல்லாத்தின் குஞ்சும் செவ்வரத்தைக்குக் கீழேதான் போனது.

கீர்த்திகா படுக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும், இருக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக் குந்தியிருப்பாள். குஞ்சைப் பார்க்கிறாளா, தண்ணீரைப் பார்க்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் தோட்டத்துக்கு வெளிக்கிட்டவனை மறித்து, டவுனில் ஒரு கான் தண்ணீர் வாங்கிவாங்கோ அப்பா என்றாள். யாருக்கு என்றேன். மீனுக்கு என்றாள்.

மீனுக்கும் கான் தண்ணீரோ, கண்டறியாத மீன் என்று கத்தினேன். அவள் தொட்டிப் பக்கம் திரும்பிவிட்டாள். குணலட்சுமி மட்டும் அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். போய் வாங்கிவந்தேன். ஊர்ச்சனம் கண்டால் சோமசேகரம் வீட்டில் கான் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கதைக்கும். அதனால் கானை உரப்பைக்குள் போட்டுக் கட்டித்தான் கொண்டுவந்தேன்.

அவள் சிமியோனுக்குப் போன் பண்ணிக் கேட்டு, அந்தத் தண்ணீருக்குள் கொஞ்சம் கல்லுப்பும் ஒரு துண்டு சுண்ணாம்பு முருகைக்கல்லும் போட்டு வைத்தாள். வெறுமனே வடிகட்டின தண்ணீர் மீனுக்கு ஒத்துக்கொள்ளாதாம். பிறகு இரண்டு பெரிய ஊறுகாய்ப் போத்தலைக் கழுவி யன்னலில் வைத்தாள். ஒன்றில் கான் தண்ணீர், மற்றதில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். கப்பி குஞ்சு போட்டதும் பாதியை இதற்குள்ளும் பாதியை அதற்குள்ளும் விட்டாள். ஒரே தீன், ஒரே வெளிச்சம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவள் மீன் வளர்க்கவில்லை. ஜெயசுதன் கிணற்றடியில் நின்று சொன்னதை இவள் ஒரு நாளும் மறக்கவில்லை.

கடவுளே, நான் அந்த நாட்களில் பட்ட பாடு. காலையில் எழும்பிச் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று, பிள்ளையாரே, அந்தக் கான் போத்தல் குஞ்சுகளும் சாகட்டும் என்று கும்பிட்டேன். கடுகளவு சீவன்களைச் சாகச்சொல்லிக் கும்பிட்ட மனுசன் நான். அவள் குளிக்கப் போயிருந்த நேரம் யன்னலடிக்குப் போய் நின்றேன். போத்தலை மாற்றி வைத்தால் யாருக்குத் தெரியும் என்றும் ஒரு யோசனை வந்தது. கை போகவில்லை. அன்றைக்கு வெங்காயத்துக்கு யூரியா எறிகிற நாள். பையை அவிழ்த்துப் பாத்தி வரம்பில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். கிணற்றுக் கட்டுக்கும் முதல் பாத்திக்கும் இடையில் ஒரு ஆள் படுக்கக்கூட இடம் இல்லை. நாற்பது வருசமாக அப்படித்தான். பயிர் எனக்காகப் பார்த்துக்கொண்டு நிற்குமா? எறிந்தேன்.

கிணற்றுத் தண்ணீர்ப் போத்தலில் குஞ்சுகள் செத்தன. கான் தண்ணீரில் ஒன்று இரண்டு போக மற்றது எல்லாம் நின்றன, நின்று வளர்ந்தன. வாலில் நிறம் தெரியத் தொடங்கியது. அவள் அதோடு விடவில்லை. அடுத்து மொலிக் குஞ்சையும் அப்படியே பிரித்து விட்டாள். அதுவும் அப்படியே. கிணற்றுத் தண்ணீரில் கடைசிக் குஞ்சும் செத்த அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது, வெறும் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"பெரிசுகள் தாங்குது அப்பா. குஞ்சுதான் தாங்கேல்லை."

ஆனாலும் விட்டேனா? "அது மீன், பிள்ளை. நாங்கள் மனுசர். கொம்மா இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே உன்னைப் பெத்தவள்."

"ஓம். அப்ப இவ்வளவு உரம் போடேல்லை." அவள் சத்தம் போடவில்லை. "இதாலைதான் பிள்ளை செத்தது எண்டு நான் சொல்லேல்லை. எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது. ஆனா அவர் சோதிக்கச் சொல்லித்தானே கேட்டவர். அதுக்கு நீங்கள் அவரைக் கலைச்சியள்."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். பிள்ளை செத்து இத்தனை மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அழுதாள். குணலட்சுமி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுகிறார்கள், நான் கை துடைத்த துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கிட்டப்போக எனக்குப் பயமாக இருந்தது.

அன்று பின்னேரமே அவள் புருசனுக்குப் போன் எடுத்து, வந்து கூட்டிக்கொண்டு போங்கோ என்று சொன்னாள். நாள் பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை ஜெயசுதன் ஓட்டோ ஒன்றில் வந்தான். இறங்கிப் படலைக்கு வெளியே ரோட்டிலேயே நின்றான். முற்றம் மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னேன்தானே. கூப்பிடுங்கோ என்று குணலட்சுமி என் முதுகில் தள்ளினாள். முற்றத்தைக் கடந்து படலைக்குப் போவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. "உள்ளுக்கு வாரும் தம்பி" என்றேன். அவன் முகத்தில் வென்றுவிட்டேன் என்கிற ஒரு களை தெரிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. மெலிந்துபோய், கண் உள்ளே போய், தாடியோடு நின்றான். அவனுடைய பிள்ளையும்தானே அது. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

குணலட்சுமி பழக்கதோசத்தில் கிணற்றுத் தண்ணீரிலேயே தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். கொண்டுவந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. தட்டோடு அப்படியே நின்றாள். அவன் எழும்பி, தட்டிலிருந்து கோப்பையை எடுத்து, குடித்து முடித்தான். எனக்கு அடித்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

கீர்த்திகா ஒரு பையும் குஞ்சு நிற்கிற அந்தக் கான் தண்ணீர்ப் போத்தலும்தான் எடுத்தாள். பெரிய மீன்களைத் தொட்டியோடு எங்களுக்கு விட்டுவிட்டாள். ஓட்டோவில் ஏறிப் போத்தலை மடியில் வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். நான் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய்வா பிள்ளை, அடிக்கடி வா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன்னம் அவள் சொன்னாள்.

"அப்பா, இனி ஒண்டு வயித்திலை தங்கினா நான் இஞ்சை வந்து நிக்கமாட்டன். அம்மா அங்கை வந்து நிக்கட்டும். குறை நினையாதேங்கோ."

பெற்ற மகள், பிள்ளை பெறத் தகப்பன் வீட்டுக்கு வரமாட்டேன் என்று ரோட்டில் வைத்துச் சொல்கிறாள். ஓட்டோக்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முந்திய சோமசேகரம் என்றால் அந்த ரோட்டே அதிர்ந்திருக்கும். கோபம் வரும் என்று நானும் நின்று பார்த்தேன். வரவில்லை.

"ஓம் பிள்ளை" என்றேன். கம்பியை விட்டேன், ஓட்டோ போனது. படலையைச் சாத்திவிட்டு, குணலட்சுமி கூப்பிடக் கூப்பிட நிற்காமல் வெங்காயத் தோட்டத்துக்குள் போனேன். அங்கே வரம்பில் குந்தியிருந்து, என் பேத்தியைத் தாட்ட அன்றைக்கு வராத அழுகை எல்லாத்தையும் அழுதேன்.